வெற்றுத் தாளில் கைநாட்டு

வட்டிக்கடைக்காரனிடம் கடனுக்குப் போய் நிற்கும் ஏழை உழவனிடம் நம் தோழர்கள் ஒரு காலத்தில் ஓயாமல் சொல்லிவந்த புத்திமதி ஒன்று உண்டு. "பசி வயிற்றைக் கிள்ளினாலும் சரி, வெற்றுத் தாளில் கைநாட்டு வைக்காதே!" என்பதுதான் அது. எழுதப் படிக்கத் தெரியாதவனுக்குச் சொன்ன அந்தச் சொல்லை, எழுதவும் படிக்கவும் தெரிந்த, சட்டைப் பைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டிருக்கிற தோழர்களுக்கு இன்று மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறது. இடம் மட்டுமே மாறியிருக்கிறது. வட்டிக்கடைத் திண்ணை போய், குளிர்சாதனம் பொருத்திய கார்க் கம்பெனி சர்வீஸ் நிலையத்தின் வரவேற்பறை வந்திருக்கிறது.

சென்ற வாரம் வாடகைக் கார் ஓட்டும் தோழர் ஒருவர் நம்மிடம் ஒரு பில்லைக் கொண்டுவந்து நீட்டினார். தவணைக் கடனில் வாங்கிய வண்டி. வாங்கி ஓராண்டுதான் ஆகிறது. காலையில் சர்வீசுக்கு விட்டபோது, "ஆயில், ஃபில்டர், கூலி எல்லாம் சேர்த்து 4,800 ரூபாயில் முடிந்துவிடும் அண்ணே" என்று அங்கிருந்த இளைஞர் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, கையிலிருந்த கண்ணாடிப் பலகையை நீட்டி, "இங்கே ஒரு கையெழுத்து" என்று கேட்டிருக்கிறார். தோழருக்குச் சவாரி நினைப்பு. விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போய்விட்டார். மாலையில் வந்து பார்த்தால் பில் 10,650 ரூபாய்!

"என்ன தம்பி இது?" என்று கேட்டிருக்கிறார். "காலையில் நீங்களே ஒப்புதல் கொடுத்திருக்கிறீர்களே அண்ணே" என்று அதே கண்ணாடிப் பலகை மறுபடியும் நீட்டப்பட்டது. அதில் அவர் இழுத்த கோடும் இருந்தது. அந்தக் கோட்டுக்கு மேலே, அவர் கண்ணால் பார்த்திராத நான்கு வேலைகளும் இருந்தன. பணம் கட்டினால்தான் கேட் பாஸ். கேட் பாஸ் இருந்தால்தான் வண்டி வெளியே வரும். வண்டி வந்தால்தான் மறுநாள் சோறு. கட்டிவிட்டார். டீசலும் கம்பெனிக் கமிஷனும் தவணையும் போக ஒரு நாளைக்கு ஆயிரம் ரூபாய் அவர் கையில் நின்றால் பெரிது. அதிகமாகப் பறிபோன 5,850 ரூபாய் என்பது ஏறக்குறைய ஆறு நாள் உழைப்பு.

"காரில் போகிறவன் கவலை நமக்கெதற்கு?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். காரில் சாய்ந்து போகிறவன் வேறு. காரை ஓட்டிப் பிழைக்கிறவன் வேறு. இன்று சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் மஞ்சள் பலகை மாட்டி ஓடும் கார்களில் எத்தனையோ, ஓட்டுகிறவனே கடன்பட்டு வாங்கியவை. அவனுக்குக் கார், உழவனுக்கு உழவு மாடு எப்படியோ அப்படி. மோட்டார் சைக்கிளில் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிற பிள்ளைகளையும் இதே வரவேற்பறைகள்தான் காத்திருக்க வைக்கின்றன.

அந்த நான்கு வேலைகள் என்னென்ன? முதலாவது, என்ஜின் ஃப்ளஷ், 700 ரூபாய். அதாவது பழைய ஆயிலை வடிப்பதற்கு முன் ஒரு பாட்டில் மருந்தை ஊற்றி என்ஜினைக் கழுவுவதாம். குறித்த கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவதே அழுக்கை வெளியேற்றத்தானே ஐயா! ஒழுங்காக ஆயில் மாற்றிவந்த, ஓராண்டே ஆன என்ஜினுக்குள் இவர்கள் கழுவும்படியாக எந்தச் சாக்கடை ஓடியது? இரண்டாவது, இன்ஜெக்டர் சுத்தம், 1,350 ரூபாய். வண்டி இழுக்கவில்லை, என்ஜின் தடுமாறுகிறது என்று தோழர் புகார் சொல்லவே இல்லை. நோயே இல்லாதவனுக்குப் பேதி மருந்து கொடுத்த கதை இது. மூன்றாவது, ஏ.சி. கிருமி நீக்கம், 1,200 ரூபாய். நாற்றம் அடித்தால் செய்யலாம், அடிக்கவில்லை.

நான்காவதுதான் எல்லாவற்றுக்கும் சிகரம். வண்டியின் அடிப்பாகத்துக்குத் துருப்பிடிக்காத பூச்சு, 2,600 ரூபாய். கடற்கரை ஊரில் ஓடும் வண்டிக்கு உப்புக்காற்றால் துரு வரும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இதே பூச்சுக்கு இதே நிறுவனத்தில், வண்டியை எடுத்த அன்றே அவர் பணம் கட்டியிருக்கிறார்! பல ஆண்டுகளுக்கு உத்தரவாதம் என்று அச்சடித்த அட்டையும் அவரிடம் இருக்கிறது. ஓராண்டில் அந்தப் பூச்சு எங்கே போயிற்று? அது போயிருந்தால் உத்தரவாதப்படி இலவசமாக அடித்துத் தர வேண்டும். போகவில்லையென்றால் எதன்மேல் எதை அடித்தார்கள்?

காற்றையும் இவர்கள் விடவில்லை. டயருக்கு நைட்ரஜன் அடித்துக்கொள்ளுங்கள் என்று சக்கரத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். நாம் மூச்சுவிடும் காற்றிலேயே நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன்தான். அதைப் பெட்ரோல் பங்கில் இலவசமாகவே அடித்துக்கொள்ளலாம். மிச்சம் 22 பங்குக்காகவா இத்தனை காசு? பந்தயக் கார்களுக்கும் விமானங்களுக்கும் அதனால் பயன் இருக்கலாம். கோயம்பேட்டுக்கும் தாம்பரத்துக்கும் ஓடும் வாடகைக் காருக்கு, வாரம் ஒருமுறை காற்றின் அளவைச் சரிபார்ப்பதே போதும்.

இதைப் படித்துவிட்டு, சர்வீஸ் என்றாலே ஏமாற்று என்று எந்தத் தோழரும் முடிவுகட்டிவிட வேண்டாம். பிரேக் பேட் தேய்ந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மையுள்ளது. கையேட்டில் போட்டிருக்கும் காலத்துக்குள் மாற்றாவிட்டால் ஆபத்து உயிருக்கு. டயர் ஒரு பக்கமாகத் தேய்ந்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ வீல் அலைன்மென்ட் பார்க்கத்தான் வேண்டும். எது தேவை, எது தேவையில்லை என்பதற்கு நாம் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. வண்டியோடு கம்பெனியே ஒரு கையேடு கொடுத்திருக்கிறது. எத்தனை கிலோமீட்டருக்கு எதை மாற்ற வேண்டும், எதைப் பார்த்தால் போதும் என்று அதில் அட்டவணை இருக்கிறது. காரைச் செய்தவன் எழுதிய அட்டவணையில் இல்லாத வேலையை, காரை விற்றவன் எங்கிருந்து கண்டுபிடித்தான்? இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதி பில் கரைந்துவிடும். வேதனை என்னவென்றால், அந்தக் கையேடு பல வண்டிகளில் பாலிதீன் உறைகூடப் பிரிக்கப்படாமல் டாஷ்போர்டுக்குள் தூங்குகிறது.

இங்கே நாம் அழுத்தமாகச் சொல்ல விரும்புவது ஒன்றுண்டு. கண்ணாடிப் பலகையை நீட்டிய அந்த இளைஞர் நம் எதிரி அல்லர். டிப்ளமோ படித்துவிட்டு, கழுத்தில் டை கட்டி, காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை செய்யும் அவரும் தொழிலாளிதான். அவருடைய சம்பளம் சொற்பம். அதற்கு மேல் கிடைப்பது விற்றுக்கொடுத்த பாட்டிலுக்கும் பூச்சுக்கும் தகுந்த ஊக்கத்தொகை. மாதத்துக்கு இத்தனை ஃப்ளஷ், இத்தனை பூச்சு என்று மேலேயிருந்து 'டார்கெட்' இறங்குகிறது. எட்டாவிட்டால் காலைக் கூட்டத்தில் நாலுபேர் முன்னிலையில் வசவு. புதுக் கார் விற்பதில் விற்பனை நிறுவனத்துக்குக் கிடைக்கும் லாபம் மெல்லியது. கொழுத்த வரவு சர்வீசிலும் உதிரிபாகத்திலும்தான். அந்த வரவைக் கறக்கும் கையாகத்தான் அந்தப் பிள்ளையை நிறுத்தியிருக்கிறார்கள். ஒரு தொழிலாளியின் வயிற்றை இன்னொரு தொழிலாளியின் மடியைக் கொண்டு நிரப்பச் சொல்லி, லாபத்தைத் தன் பெட்டியில் போட்டுக்கொள்கிறது நிர்வாகம். ஆகவே வரவேற்பறையில் நின்று அந்த இளைஞரைக் கண்டபடி ஏசிவிட்டு வருவதை வீரம் என்று நாம் கருதவில்லை. நிர்வாகத்தின் கழுத்தைப் பிடிக்க வேறு வழி இருக்கிறது.

1986-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை மாதம் நடைமுறைக்கு வந்தது. ஒரு பொருளோ சேவையோ தேவை என்றும் பயனுள்ளது என்றும் பொய்யாகச் சொல்லி விற்பது நேர்மையற்ற வணிகம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. இதைவிடப் பொருத்தமான வாசகம் நமக்கு வேறென்ன வேண்டும்? கேட்கும் தொகை சிறியதுதானே என்று தயங்க வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. குறை நேர்ந்து இரண்டு ஆண்டுக்குள் மனுக் கொடுக்கலாம். கம்பெனி இருக்கும் ஊருக்கு அலையாமல், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். அதற்கு முன் 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்து புகார் பதிந்து பார்க்கலாம்.

"இவன் வாடகைக்கு ஓட்டுகிறவன், வியாபாரி, இவனுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது" என்று கம்பெனித் தரப்பில் வாதாடக்கூடும். அதற்கும் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. சொந்த உழைப்பால் வயிறு வளர்ப்பதற்காக மட்டும் வாங்கியதை வணிக நோக்கம் என்று கொள்ளக்கூடாது என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. வாடகை ஓட்டும் தோழர்கள் இந்த வரியை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளட்டும்.

"வேண்டாம் என்று சொன்னால் வாரண்டி போய்விடும்" என்பது இவர்கள் காட்டும் அடுத்த பூச்சாண்டி. வாரண்டி நிற்பது கையேட்டிலுள்ள சர்வீஸ்களைக் காலத்தில் செய்வதால்தான். பாட்டில் மருந்து வாங்குவதால் அல்ல. வெளியில் ரிப்பேர் செய்தால் வாரண்டி இல்லை என்று மிரட்டிய கம்பெனிகளின் கதையும் நாடறிந்ததுதான். உதிரிபாகங்களையும், கோளாறு கண்டறியும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கிடைக்காமல் பூட்டி வைத்ததற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் மாதம் 14 கார்க் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. வெளியில் செய்த வேலையால் கெட்டுப்போன பாகத்துக்கு மட்டுமே வாரண்டியை மறுக்கலாம், ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது என்றும் அதே உத்தரவில் சொன்னது. கம்பெனிகள் சும்மா இருக்குமா? மேல்முறையீட்டுக்குப் போயின. இத்தனை பெரிய கம்பெனிகள் என்ன செய்துவந்தன என்பது அந்த உத்தரவில் அச்சாகிவிட்டது என்பதே நமக்கு முக்கியம்.

இனி வண்டியை விடும்போது தோழர்கள் செய்ய வேண்டியது கடினமானதல்ல. ஜாப் கார்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாகப் படித்துவிட்டுத்தான் விரலை வைக்க வேண்டும். நகல் ஒன்றைக் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி, வந்துவிட்டதா என்று பார்த்த பிறகே அங்கிருந்து நகர வேண்டும். "இதில் குறித்ததைத் தவிர வேறு வேலை என் எழுத்துப்பூர்வமான சம்மதமின்றிச் செய்யக்கூடாது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். மாலையில் பில்லில் புது வரி முளைத்திருந்தால், வண்டி அவசரமென்று பணத்தைக் கட்டினாலும், "ஆட்சேபத்துடன் கட்டுகிறேன்" என்று பில்லிலேயே எழுதிக் கையெழுத்திட்டு வாருங்கள். தனியாகப் போகக் கூச்சமாயிருந்தால் ஸ்டாண்டிலிருந்து இன்னொருவரை அழைத்துப் போகலாம். இரண்டு பேர் நின்று கையேட்டைப் பிரித்தால் அந்த வரவேற்பறையில் பேச்சின் தொனியே மாறிவிடுகிறது. இதை நாமே நேரில் பார்த்திருக்கிறோம். நம் படிப்பகங்களில் பத்திரிகைகளோடு நாலைந்து வண்டிகளின் கையேடுகளையும், ஆணையத்துக்கு எழுதும் மாதிரி மனு ஒன்றையும் கிளைத் தோழர்கள் வைக்கலாம். ஆங்கிலத்திலிருக்கும் அட்டவணையைத் தமிழில் எழுதி ஒட்டினால் இன்னும் நல்லது.

நம்மிடம் பில்லைக் கொண்டுவந்த தோழர், உத்தரவாத அட்டையின் நகலையும் இணைத்து நிர்வாகத்துக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பியிருக்கிறார். சர்வீஸ் மானேஜர் தொலைபேசியில் கூப்பிட்டு, "அடுத்த சர்வீசில் தள்ளுபடி தருகிறோம்" என்று சொன்னாராம். "எனக்குத் தள்ளுபடி வேண்டாம், ஐயா, என் 5,850 ரூபாய் வேண்டும்" என்று இவர் பதில் சொல்லியிருக்கிறார். பதினைந்து நாள் கெடு கொடுத்திருக்கிறார். ஆணையத்துக்கான மனு இப்போதே எழுதி முடிந்து, நம் அலுவலக மேஜையின்மேல் இருக்கிறது.