எல்லைக் கிராமங்களின் வாக்கு எந்தப் பக்கம்?

புது தில்லி: திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் 2024-இல் காங்கிரஸின் சசி தரூர் 16,077 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். கழக்கூட்டம், வட்டியூர்க்காவு, நேமம் ஆகிய பேரவைப் பகுதிகளில் பாஜக வேட்பாளர் ராஜீவ் சந்திரசேகரே முந்தினார். அவரது வெற்றியைத் தடுத்ததில் பெரும்பங்கு கோவளம், நெய்யாற்றின்கரை, பாறசாலை என்னும் தென்பகுதிகளுக்கு உரியது. 2014-இல் அதே கட்சியின் ஓ.ராஜகோபால் 15,470 வாக்குகளில் தோற்றபோதும் தெற்குதான் காலை வாரியது.

இதனைச் சிறுபான்மையினர் வாக்கு என்று மட்டும் தில்லியில் கூறிவிடுகின்றனர். அது பாதி உண்மையே.

களியக்காவிளைக்கு மேற்கே உள்ள இக்கிராமங்களும் ஒரு காலத்தில் தமிழகத்துடன் இணைக்கக் கோரப்பட்டவைதாம். நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட 9 தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகியன முழுமையாகவும் செங்கோட்டை பெரும்பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. மொழிக் கோரிக்கை அத்துடன் அடங்கியது. ஆனால் அதன் முதுகெலும்பாக இருந்த நாடார் சமுதாயம் எல்லையின் இருபுறமும் வாழ்கிறது. கேரளத்தின் இரு அணிகளும் அந்த வாக்கைக் கணக்கிட்டே இங்கு வேட்பாளரைத் தேடுகின்றன. பாறசாலையில் சுந்தரன் நாடார் 1996-இல் சுயேச்சையாகவே வென்றார். 2001-இல் காங்கிரஸ் சின்னத்தில் வென்று பேரவைத் துணைத் தலைவரும் ஆனார். கட்சியைவிட ஆள் பெரிது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இல்லை, ஒன்று உண்டு. 2006-இல் பாறசாலையிலும் 2011-இல் நெய்யாற்றின்கரையிலும் மார்க்சிஸ்ட் கட்சி சார்பில் வென்ற ஆர்.செல்வராஜ், 2012 மார்ச் 9-இல் பதவி விலகினார். உம்மன் சாண்டி அரசு 72-க்கு 68 என்ற நூலிழைப் பெரும்பான்மையில் தொங்கிக் கொண்டிருந்த நேரம் அது. அதே செல்வராஜை இடைத்தேர்தலில் காங்கிரஸ் நிறுத்தியது. மார்க்சிஸ்ட் கட்சி நிறுத்திய எஃப்.லாரன்ஸும் நாடார் சமுதாயத்தவரே. மே 4-இல் ஒஞ்சியத்தில் டி.பி.சந்திரசேகரன் கொல்லப்பட்டார்; ஜூன் 2 வாக்குப்பதிவன்று வி.எஸ்.அச்சுதானந்தன் அவரது வீட்டுக்கே சென்றார். சொந்தக் கட்சிக்கு அதைவிடப் பெரிய சங்கடம் வேறென்ன?

முடிவு: செல்வராஜ் 52,528, லாரன்ஸ் 46,194. ராஜகோபால் பெற்ற 30,507 வாக்குகளே உண்மையான செய்தி. 2011-இல் பாஜக இங்கு ஏழாயிரத்தையும் எட்டவில்லை. முஸ்லிம் லீகுக்கு ஐந்தாவது அமைச்சர் பதவி தரப்பட்டதில் எழுந்த நாயர் அதிருப்தி இதில் ஒலித்தது. இரு அணிகளும் நாடார் வாக்கை மட்டுமே எண்ணிக் கொண்டிருந்ததன் விலை அது எனலாம். 2016-இலும் 2021-இலும் கே.ஆன்சலன் தொகுதியை மார்க்சிஸ்ட் கட்சிக்கே மீட்டுத் தந்தார்.

சின்னங்கள் மாறியும் கோரிக்கை மாறவில்லை. இந்து நாடார்களுக்கும் தென்னிந்தியத் திருச்சபை நாடார்களுக்கும் இருந்த இடஒதுக்கீட்டை எல்லாக் கிறிஸ்தவ நாடார்களுக்கும் விரிவாக்க, 2021 தேர்தலுக்குச் சற்று முன் பிப்ரவரியில் பினராயி விஜயன் அரசு முடிவெடுத்தது. மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என ஜூலையில் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 105-ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தின் மூலம் பிற்பட்டோர் பட்டியல் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் திருப்பி அளித்தது. அதன்பின் இவ்விஷயத்தில் தில்லியைக் கைகாட்ட எந்த அணிக்கும் வழியில்லை.