எல்லா 12 வோல்ட்டும் ஒன்றா?

மானாவாரிக் கரிசல் பரந்து கிடக்கும் காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்தில், புரட்டாசி, ஐப்பசி மழை தந்த ஈரம் காய்வதற்குள் உழுது விதைத்தாக வேண்டியிருப்பதால், டிராக்டர்கள் இரவிலும் ஓடுகின்றன. அதற்கெனக் கூடுதல் விளக்குகளும், கூடவே பாட்டுப்பெட்டியும் கைப்பேசி சார்ஜரும் மாட்டப்படுகின்றன. இவற்றுக்கு மின்சாரத்தை எங்கிருந்து எடுப்பது என்று கேட்டால், வண்டி முழுவதும் ஓடுவது 12 வோல்ட்தானே, கைக்கு எட்டிய ஒயரைச் சீவி முறுக்கிக்கொள்ளலாம் என்பதே பரவலான விடை. அது பாதி உண்மை.

வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம்; ஆம்பியர் என்பது ஒயரில் ஓடும் மின்சாரத்தின் அளவு. 55 வாட் ஹாலஜன் பல்புகள் இரண்டு எரிவதற்கு, 110 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் வரும் ஏறத்தாழ 9 ஆம்பியர் வேண்டும். முகப்பு விளக்கின் ஒயரும் சுவிட்சும் அந்த அளவைக் கணக்கிட்டே பொருத்தப்பட்டவை. அதே ஒயரில் இன்னும் இரண்டு பல்புகளைத் தொங்கவிட்டால், 18 ஆம்பியர் ஓடி ஒயர் சூடாவதோடு, வழியிலேயே வோல்ட்டும் குறைகிறது. ஹாலஜன் பல்புக்கு வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு குறையும் என்பதால், வெளிச்சத்துக்காகச் செய்த வேலையில் முன்பு பளிச்சென்று எரிந்த விளக்குகளும் மஞ்சளடிக்கின்றன.

அடிக்கடி பியூஸ் போனால் பெரிய பியூஸ் போட்டால் சரியாகிவிடும் என்பது இதைவிட ஆபத்தான வாதம். பியூஸ் காப்பது விளக்கை அன்று, ஒயரை. 10 ஆம்பியர் பியூஸ் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் பியூஸைச் செருகினால், பியூஸுக்கு முன்பே ஒயர் உருகும்.

எல்.இ.டி. விளக்கு மின்சாரமே குடிக்காது என்பதில் நியாயம் உண்டு. 18 வாட் விளக்குக்கு 1.5 ஆம்பியர் போதும். ஆனால் மலிவாகக் கிடைக்கிறதென்று வரிசையாக ஆறு மாட்டினால், மீண்டும் அதே 9 ஆம்பியர்தான்.

அப்படியானால் பேட்டரியிலிருந்தே நேராக எடுத்துவிடலாம் என்பவர்கள் சரியான இடத்தைக் காட்டுகிறார்கள், வழியைத்தான் தவறவிடுகிறார்கள். உழுது களைத்து வந்தவர் விளக்கை அணைக்க மறந்துவிட்டால், 9 ஆம்பியர் எட்டு மணி நேரம் ஓடி 72 ஆம்பியர்-மணி தீர்ந்துபோக, 75 ஆம்பியர்-மணி பேட்டரி விடிவதற்குள் படுத்துவிடும். இதைத் தடுப்பது ரிலே. சிறிதளவு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச் அது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே பியூஸ், அங்கிருந்து கனமான ஒயர் வழியே ரிலே, அதை இயக்கும் மெல்லிய ஒயர் மட்டும் சாவியிலிருந்து என்று அமைத்தால், சாவியை உருவியதும் விளக்குகள் அணையும். எர்த் ஒயரைப் பெயின்ட்டின் மேல் திருகாமல், சுரண்டி இரும்பு தெரிந்த இடத்தில் திருக வேண்டும். பழுது என்று கழற்றப்படும் விளக்குகளில் பல, எர்த் சரியில்லாதவையே.

பக்கத்து ஒயரில் எடுக்கத் தகுந்தது 1 ஆம்பியர் அளவே கேட்கும் கைப்பேசி சார்ஜர்தான்; அதுவும் அந்த ஒயர் சாவி வழியாக வருவதாக இருந்தால் மட்டும்.