எந்தத் தெரு?

ஆனி, ஆடியில் சாரல் விழுந்தால் ஐந்தருவியில் கூடை வைத்தவனெல்லாம் வியாபாரி. கல்லூரியில் 'தொழில்முனைவோர் மேம்பாடு' என்றொரு பாடம். சீசனில் ஒருநாள் வியாபாரம் செய்து கணக்கு எழுதி வரவேண்டும். எங்கள் தெருத் தம்பி அம்மாவின் சீட்டுப் பணத்தில் ரம்புட்டான் வாங்கி உட்கார்ந்தான். பாதிக் கூடை போயிற்று. பக்கத்துக் கடைக்காரர் கேட்டார், "எந்தத் தெருப்பா?" சொன்னான். "இங்க உக்காராத, தள்ளிப் போ." ஆளில்லாத இடத்தில் மிச்சப் பழம் வாடிற்று.

நட்டத்துக்குக் காரணம்: 'இடத்தேர்வு சரியில்லை' என்று எழுதினான். மார்க் கிடைத்தது. "வேற என்னண்ணே எழுத? புத்தகத்துல சாதின்னு ஒரு காரணமே இல்லையே."

பரோடாவில் தங்க இடம் மறுக்கப்பட்டு 1917இல் பம்பாய் திரும்பிய அம்பேத்கர், பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் தொடங்கினார். தீண்டப்படாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவருக்குத் திறமை போதாமலா?

நான் வங்கிக் கவுண்டருக்கு உள்ளே இருப்பவன். 2016இல் வந்த 'ஸ்டாண்ட் அப் இந்தியா', கிளைதோறும் பட்டியல் சாதி, பழங்குடியினர் ஒருவருக்காவது கடன் தரச் சொன்னது. தொடக்கமே 10 லட்சம். கூடைக்காரனுக்கு அதில் இடமிருக்கவில்லை. சின்னக் கடன் கேட்டு வந்தால் "தெரிஞ்சவங்க யாரு?" என்கிறோம். நாங்களும் தெருவைத்தான் கேட்கிறோம்.

படிப்பு வேண்டாம் என்று சொல்லவில்லை. முதல், சந்தை, லாபம் நடத்துகிறவர்கள் தெருவையும் நடத்தட்டும். மாணவத் தோழர்களே, நட்டக் கணக்கில் உண்மைக் காரணத்தை எழுதுங்கள். ஒருவன் எழுதினால் மார்க் போகும். வகுப்பே எழுதினால் வாத்தியார் பதில் சொல்லியாக வேண்டும்.