செஞ்சிக் குன்றுகளுக்கு என்ன விலை?

2025 ஜூலையில் பாரிஸில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு, மராத்தியர்களின் ராணுவ நிலப்பரப்பு என்ற தலைப்பில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று, நமது செஞ்சிக் கோட்டை. விழுப்புரம் தனி மாவட்டமான 1993 வரை, கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டத்தில்தான் செஞ்சியும் இருந்தது. எனவே, கடலூர், சிதம்பரம் பகுதியினருக்கு இந்த அறிவிப்பில் சற்றுக் கூடுதலான மகிழ்ச்சி உண்டு.

அந்த மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியையும் எழுப்ப வேண்டியிருக்கிறது. சத்ரபதி சிவாஜி செஞ்சியைக் கைப்பற்றியது 1677-இல். அவருடைய மகன் ராஜாராம் முகலாயரின் நீண்ட முற்றுகையைத் தாங்கி நின்று, இறுதியில் கோட்டை வீழ்ந்தது 1698-இல். உலகம் இப்போது அங்கீகரித்திருப்பது இந்த இருபத்தோராண்டு வரலாற்றை. அந்தக் குன்றுகளிலும் அவற்றைச் சுற்றியுள்ள நூற்றுக்கணக்கான சிறு குன்றுகளிலும் பதிந்து கிடக்கும் மற்ற வரலாற்றுக்கு யார் பொறுப்பு?

அந்த வரலாறு பாறையிலிருந்தே தொடங்குகிறது. செஞ்சி வட்டாரத்தின் கருங்கற்பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பூமியின் ஆழத்தில் உருவாகி இறுகியவை. மேலிருந்த பாரம் அரிப்பினால் விலகியபோது அவற்றில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்புகள் தோன்றின. அந்த வெடிப்புகளில் இறங்கிய மழைநீர் பாறைகளின் விளிம்புகளையும் மூலைகளையும் முதலில் கரைத்தது. எஞ்சியவை, யாரோ அடுக்கி வைத்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் உருண்டைப் பாறைகள். அவற்றுக்கிடையே இயற்கையாகக் குகைத்தளங்கள் அமைந்தன. வெடிப்புகளில் நீர் தேங்கிச் சுனைகள் உண்டாயின.

மழைக்கு ஒதுங்க ஓர் இடம், குடிக்கச் சுனைநீர், நடந்து சென்று உணவு ஏற்றுவரும் தொலைவில் ஒரு சிற்றூர். துறவிக்கு வேறென்ன வேண்டும்? சமண முனிவர்கள் இந்தக் குன்றுகளைத் தேர்ந்தெடுத்ததற்கு நிலவியலே காரணம் என்று சொன்னால் அது மிகையாகாது.

திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில், 1981-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கண்டறிந்த தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்த பள்ளியைக் குறிப்பிடுகிறது. அசோகரின் கல்வெட்டில் வரும் 'சத்தியபுத்திரர்' யார் என்ற நெடுநாள் விவாதத்துக்கு விடை தந்ததும் அதே கல்வெட்டுதான். செஞ்சி வட்டாரத்து நெகனூர்ப்பட்டியில் கற்படுக்கைகளுடன் கூடிய குகைத்தளத்தைச் செய்வித்தவர் ஒரு பெண் என்கிறது அங்குள்ள பழந்தமிழ்க் கல்வெட்டு. செஞ்சிக்கு அருகிலுள்ள திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி என்னும் ஆசிரியரின் நினைவு பாறையில் பொறிக்கப்பட்டிருக்கிறது. தமிழ் பிராமி வட்டெழுத்தாக மாறிவந்த காலத்தை அறிய உதவும் அரிய சான்று அது. அதே குன்றின் பெரும்பாறை ஒன்றில் 24 தீர்த்தங்கரர்களும் இரண்டு வரிசைகளாகப் புடைப்புச் சிற்பங்களாக வீற்றிருக்கின்றனர்.

இது சமணத்தோடு முடிந்துவிடவில்லை. மண்டகப்பட்டில், செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கும் கோயில் எடுத்ததாக மகேந்திரவர்ம பல்லவன் அறிவித்தது இந்தப் பாறைகளை நம்பித்தான். தளவானூரிலும் அவன் எடுத்த குடைவரை உண்டு. பனைமலையில் ராஜசிம்ம பல்லவனின் கோயிலும், சிதைந்தும் அழகு குறையாத பார்வதியின் ஓவியமும் உள்ளன. கீழ்வாலையில் வரலாற்றுக்கு முந்தைய செங்காவிப் பாறை ஓவியங்கள். சிங்கவரத்தில் பள்ளிகொண்ட அரங்கநாதர். செஞ்சிக் கோட்டைக்குள் வெங்கடரமணர் கோயிலும், அதற்குச் சற்றுத் தொலைவிலேயே பதினெட்டாம் நூற்றாண்டுப் பள்ளிவாசலும். ஒரே வகைப் பாறையில் இத்தனை சமயங்கள் இடம் தேடிக்கொண்ட வட்டாரங்கள் தமிழகத்தில் அதிகமில்லை.

இவை இறந்துபோன வரலாறும் அல்ல. மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் தலைமை மடம் இன்றும் இயங்குகிறது. அவ்வூர் மலைநாதர் கோயிலின் நடுவே இருப்பது, தீர்த்தங்கரர்களும் பாகுபலியும் அம்பிகையும் செதுக்கப்பட்ட ஒற்றைப் பாறை. பாறையை மையமாக வைத்து அதைச் சுற்றிக் கோயில் எழுந்திருக்கிறது. செஞ்சி, திண்டிவனம், வந்தவாசி வட்டாரச் சிற்றூர்களில் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட சமணக் குடும்பங்கள் இன்றும் உழவு செய்து வாழ்கின்றன.

குன்றுகள் காப்பாற்றித் தந்ததன் அருமையை உணர, அவை இல்லாத கடலூரைப் பார்க்க வேண்டும். இன்று கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூர், ஒரு காலத்தில் பாடலிபுத்திரம் எனப் பெயர்பெற்ற பெரும் சமண மடத்தின் இருப்பிடம். திருநாவுக்கரசர் தருமசேனர் என்ற பெயரில் அங்குதான் இருந்தார். சர்வநந்தி என்னும் சமண முனிவர் சக ஆண்டு 380-இல், அதாவது கி.பி. 458-இல், 'லோகவிபாகம்' என்ற உலக அமைப்பு நூலை எழுதி முடித்த பாடலிகா என்னும் ஊர் இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அத்தனை புகழ்பெற்ற மடம் இருந்த இடத்தை இன்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. அதை இடித்துக் கொண்டுவந்த பொருள்களால் பல்லவ மன்னன் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்கிறது பெரியபுராணம்.

கடலூரின் கேப்பர் மலை, செந்நிற மணற்கல்லும் செம்புறைக் கல்லும் கொண்ட மேடு. நிலவியலார் இந்தப் பாறை அடுக்குக்கே கடலூர் மணற்கல் என்று பெயரிட்டிருக்கிறார்கள். திருவக்கரையின் கல்மரங்கள் கிடப்பதும் இந்த அடுக்கில்தான். குகையைத் தாங்கும் உறுதியோ எழுத்தைக் காக்கும் வன்மையோ அதற்கு இல்லை. சமவெளி மடம் செங்கல்லால் ஆனது. கட்டடம் போனதும் வரலாறும் போயிற்று. மலைப்பள்ளிக்குப் பாறையே கட்டடம், பாறையே ஆவணம். அதனால்தான் ஆட்சிகள் மாறியும், சமயச் செல்வாக்கு மாறியும் அது நிலைத்தது. ஆனால் பாறையே போய்விட்டால்?

கடந்த முப்பதாண்டுகளில் கருங்கல்லுக்கான தேவை பன்மடங்கு பெருகிவிட்டது. நான்குவழிச் சாலை, அடுக்குமாடிக் கட்டடம், துறைமுகத் தடுப்பு எல்லாவற்றுக்கும் ஜல்லி வேண்டும். கொள்ளிடத்திலும் பெண்ணையாற்றிலும் மணல் அள்ளியதன் விளைவுகளைக் கண்ட பிறகு, 'எம்-சாண்ட்' என்னும் செயற்கை மணலுக்கு மாறினோம். ஆற்றைக் காக்க எடுத்த நல்ல முடிவுதான். ஆனால் அந்தச் சுமை முழுவதையும் குன்றுகளின் தலையில் இறக்கிவைத்தோம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். செயற்கை மணல் என்பது பொடியாக்கப்பட்ட மலை.

முப்பதாண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இங்கே விலையைப் பற்றிப் பேச வேண்டியது என் கடமை. ஒரு யூனிட் ஜல்லியின் விலையில் வெட்டுகூலி, வெடிமருந்து, டீசல், லாரி வாடகை, அரசுக்குச் செலுத்தும் உரிமத்தொகை ஆகியவை அடங்கும். பாறையில் இருந்த கற்படுக்கைக்கும், சுனைக்கும், கல்வெட்டுக்கும் அதில் இடப்படும் மதிப்பு சுழியம். விலையில்லாத பொருளைச் சந்தை முதலில் அழிக்கும். இது தனிமனிதரின் பேராசையைப் பற்றிய குற்றச்சாட்டு அல்ல, கணக்குமுறையின் குறை.

அமெரிக்கப் பொருளியலாளர் ஜான் குருட்டில்லா 1967-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்றில் இதற்கொரு தெளிவான வாதத்தை முன்வைத்தார். தொழில்நுட்பம் வளர வளர, ஒரு மூலப்பொருளுக்கு மாற்றுப் பொருள்கள் கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆனால், இயற்கையின் தனித்தன்மை வாய்ந்த ஓர் அமைப்பை எந்தத் தொழில்நுட்பமும் மறுபடி உருவாக்காது. எனவே காலம் செல்லச் செல்ல முன்னதன் ஒப்பு மதிப்பு குறையும், பின்னதன் மதிப்பு உயரும். இன்று ஜல்லிக்காகக் குன்றை வெட்டுவது, மதிப்பு உயரப்போகும் சொத்தை விற்று, மதிப்பு குறையப்போகும் சரக்கை வாங்குவதற்கு ஒப்பாகும்.

சட்டங்கள் இல்லையா என்று கேட்கலாம். உள்ளன. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி என 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வரையறுக்கிறது. மாநில அரசுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. ஆனால் இவை புள்ளிகளைக் காக்கும் சட்டங்கள். பட்டியலில் உள்ள சின்னத்துக்கு வட்டம் போடுகின்றன. பட்டியலில் ஏறாத குகைத்தளம், வருவாய்க் கணக்கில் 'கல்லாங்குத்து' அல்லது 'பாறை' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடுகிறது. குவாரி உரிமமோ புல எண்வாரியாக, சில ஏக்கர் அளவில் வழங்கப்படுகிறது. ஒவ்வோர் உரிமமும் தனித்தனியே பார்க்கையில் சிறியது. மொத்தத்தில் ஒரு மலைத்தொடரே குறைகிறது.

மதுரை மாவட்டம் அரிட்டாபட்டி இந்த வேறுபாட்டை விளக்கும். அவ்வூர்க் குன்றுகளில் தமிழ் பிராமிக் கல்வெட்டும், மகாவீரர் சிற்பமும், பாண்டியர் குடைவரையும் உள்ளன. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அது அறிவிக்கப்பட்டது. 2024 நவம்பரில் அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம் வெளியானபோது மக்கள் திரண்டனர். சட்டப்பேரவை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்தக் குன்றுகள் சின்னங்களின் தொகுப்பாக அன்றி, ஒரே நிலப்பரப்பாக மக்கள் மனத்தில் பதிந்திருந்தன. அச்சுறுத்தலும் ஒரே பெரிய திட்டமாக வந்தது. செஞ்சி வட்டாரத்துக்கு வரும் அச்சுறுத்தல் சிறுசிறு துண்டுகளாக வருகிறது. அதனால் போராட்டமும் எழுவதில்லை, செய்தியும் ஆவதில்லை.

ஆப்கானிஸ்தானின் மெஸ் அய்னக் இன்னொரு பாடம். பழமையான பௌத்த மடங்களின் இடிபாடுகள் மாபெரும் செம்புப் படிவத்தின்மீது அமைந்துள்ளன. 2008-இல் சீன நிறுவனத்துக்குச் சுரங்கக் குத்தகை வழங்கப்பட்ட பிறகே அகழாய்வு அவசர அவசரமாக விரிந்தது. முதலில் குத்தகை, பிறகு ஆய்வு என்ற தலைகீழ் வரிசையால், ஆண்டுகள் பல கடந்தும் சுரங்கத்துக்கும் பயனில்லை, தொல்லியலுக்கும் நிம்மதியில்லை.

கல்லே வெட்டக் கூடாது என்பது என் வாதமன்று. ஏழைக்கு வீடு வேண்டும், ஊருக்குச் சாலை வேண்டும். குவாரிகளை நம்பிப் பல்லாயிரம் தொழிலாளர் குடும்பங்கள் வாழ்கின்றன. சுற்றுலா வருவாய் குவாரி வருவாயை ஈடுகட்டிவிடும் என்ற எளிய ஆறுதலையும் நான் சொல்லமாட்டேன். எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது என்பதை முன்கூட்டியே வகுக்க வேண்டும் என்பதே கோரிக்கை. அதற்கு நான்கு செயல்கள் உடனடித் தேவை.

முதலாவதாக, விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை மாவட்டங்களின் குன்றுகள் அனைத்தையும் தொல்லியல், நிலவியல், வருவாய்த் துறைகள் கூட்டாக ஆய்வு செய்து பட்டியலிட வேண்டும். பட்டியல் கிராம சபைகளில் வைக்கப்பட வேண்டும். ஆடு மேய்ப்பவருக்குத் தெரிந்த குகை ஆய்வாளருக்குத் தெரியாமலிருக்கும். இரண்டாவதாக, அந்தக் குறிப்பு வருவாய்ப் பதிவேட்டில் புல எண்ணுக்கு எதிரே ஏற வேண்டும். அது ஏறும்வரை அந்தப் புல எண்ணில் புதிய உரிமம் வழங்கலாகாது.

மூன்றாவதாக, நிதி. கனிம நிலங்களின்மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 ஜூலை 25-இல் 8-1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. தமிழ்நாடும் அதற்கெனச் சட்டம் இயற்றியுள்ளது. அந்த வரியில் ஒரு சிறு பங்கை, பாறை எடுக்கப்படும் வட்டாரத்தின் தொன்மைகளைக் காக்கவும், குவாரி மூடப்படும் இடங்களில் தொழிலாளர் மாற்றுப் பணி பெறவும் ஒதுக்கலாம். நான்காவதாக, கட்டட இடிபாடுகளை மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவரும் விதிகளை நகராட்சிகள் உண்மையாகவே செயல்படுத்தினால், குன்றுகளின் சுமை ஓரளவு குறையும்.

சிதம்பரத்தைச் சுற்றி மலையே கிடையாது. வெள்ளாறும் கொள்ளிடமும் கொணர்ந்த வண்டலில் நிற்கிறது தில்லை. நடராசர் கோயிலின் ஒவ்வொரு கல்லும் வெளியூரிலிருந்து வந்தது. காம்போச மன்னன் சோழருக்குக் காட்சிப் பொருளாக அளித்த கல் ஒன்றை இக்கோயிலின் முன்வரிசையில் பதித்த செய்தியை, முதலாம் குலோத்துங்கன் காலத்து, கி.பி. 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. கடல் கடந்து வந்த ஒரே ஒரு கல்லுக்கு இடமும் கொடுத்து, அதன் வரலாற்றையும் எழுதி வைத்தவர்கள் நம் முன்னோர். எழுத்தும் சிற்பமும் சுமந்து நிற்கும் குன்றுகளை நாம் யூனிட் கணக்கில் விற்றுக்கொண்டிருக்கிறோம். உலகப் பாரம்பரியப் பலகை செஞ்சிக் கோட்டை வாயிலில் நிற்கட்டும். அதன் நிழல் பக்கத்துக் குன்றுகள்மீதும் விழச் செய்வது அரசின் பொறுப்பு. அதைக் கேட்டுப் பெறுவது நம் பொறுப்பு.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), சிதம்பரம்.