ஏரியிற் சாய்க்கடை, ஏட்டிற் ‘சுத்திகரிப்பு’!

நீரைத் தாயென்போம், ஏரிக்கரையிற் பொங்கலிடுவோம், பின்னர் ஊர்ச் சாய்க்கடையை ஒன்றுதிரட்டி அவ்வேரியிலேயே கொண்டுபோய் விடுவோம்! இதுவோ தமிழர்தம் நாகரிகம்?

கேட்டால், “பாதாளச் சாக்கடைத் திட்டம் வரட்டும்” என்பர் ஊராள்வோர். மாநகர்களுக்கே முழுமையாக எட்டாத திட்டம் சிற்றூர்க்கு என்று வரும்? அதுவரை ஏரி காத்திருக்குமா?

கணக்கைப் பாருங்கள். சிற்றூர்க் குடிநீர்த் திட்டத்தின் அளவு ஆளொருவர்க்கு நாளொன்றுக்கு 55 இலிட்டர். வீட்டிற்குள் வரும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு கழிவுநீராய் வெளியேறும் என்பது பொறியாளர் கணக்கு. அவ்வாறாயின், 5,000 பேர் வாழும் ஊரில் நாடோறும் 2,20,000 இலிட்டர் கழிவுநீர்! குழாய்த் திறப்பிற்கு விழாவெடுப்போர், அந்நீர் எங்குப் போகின்றதென்று கேட்பதில்லை.

“பெரும்பொறி வேண்டும், பெரும்பணம் வேண்டும்” என்பது வெறுஞ்சாக்கு. தொடர்ந்தமைந்த மூன்று குட்டைகள் போதும். முதற்குட்டையிற் கசடு அடியில் தங்கும். காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைக்கும். இரண்டாவதிற் பச்சைப்பாசி கதிரவனொளியால் உயிர்வளியை ஈனும். அதனைக்கொண்டு வேறு நுண்ணுயிர்கள் எஞ்சிய அழுக்கை உண்ணும். ஆழங்குறைந்த மூன்றாவதில் வெயிலே நோய்நுண்ணுயிர்களைப் பெரிதும் அழிக்கும். பின்னர் நாணற்படுகை வழியே வடிந்த நீர் தென்னைக்கும் மாட்டுப்புல்லுக்கும் பாயும். வேண்டுவன நிலமும், கசட்டைக் காலத்தில் அகற்றும் பொறுப்புமே. வெயிலுக்கா நம் நாட்டிற் பஞ்சம்?

மலக்குழிக் கசட்டிற்கும் வழியுண்டு. 2017இல் கருங்குழிப் பேரூராட்சியில் தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு தூய்மிப்பு நிலையம் தொடங்கப்பெற்றது. அண்டையிலுள்ள மதுராந்தகத்தின் கசட்டையும் ஏற்குமாறு அஃது அமைக்கப்பட்டது. ஒரு பேரூராட்சியால் இயன்றது பிறவற்றால் ஏன் இயலாது? இன்றும் எத்தனை ஊர்களில் கசடுறிஞ்சும் வண்டிகள் நள்ளிரவில் ஓடைக்கரையை நாடுகின்றன!

இதனினும் பெருங்கொடுமை ஒன்றுண்டு. அடைப்பு நேர்ந்தவுடன் நம்மவர் தேடுவது பொறியை அன்று; தாழ்த்தப்பட்ட ஒரு மாந்தனை! உரிய காப்புக் கருவிகளின்றி மாந்தனை மலக்குழியில் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கின்றது. இறந்தோர் குடும்பத்திற்கு 10 இலக்கம் உருபா தரவேண்டுமென உச்ச நயன்மன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. 2023இல் அதனை 30 இலக்கமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்தது, இறப்பு நின்றபாடில்லை. பிறப்பொக்கும் என்று மேடையில் முழங்கிவிட்டு, வீட்டுக் குழிக்குச் சாதி பார்த்து ஆள்தேடுவோன் தமிழனல்லன், மாந்தனுமல்லன்.

சொல்லிலும் இதே இரவல்தான். சாய்க்கடையைக் குறிக்கும் அங்கணம் திருக்குறளிலேயே உண்டு. நிலத்தடி நீர்வழியைச் சுருங்கை என்றனர் முன்னோர். நாமோ ‘பாதாள’த்தையும் ‘சுத்திகரிப்’பையும் கடன்வாங்கிப் பலகையில் எழுதுகின்றோம்; பலகைக்குக் கீழே சாய்க்கடை அப்படியே ஓடுகின்றது. தூய்மிப்பு என்றெழுதுக, எழுதியவாறு செய்க! சொல்லை மட்டும் மாற்றி ஏரியை மறப்பதும் தமிழ்ப்பணி ஆகாது.

தமிழ் இளைஞரே! அடுத்த ஊரவைக் கூட்டத்தில் எழுந்து மூன்று கேளுங்கள்: நம் கழிவுநீர் எங்குச் சேர்கின்றது? கசடுவண்டி எங்குக் கொட்டுகின்றது? குழியில் இறங்குபவர் யார்? விடை கிடைக்குமட்டும் அமராதீர்! கேட்ட வினாவையும் தந்த விடையையும் தீர்மான ஏட்டிற் பதிவு செய்விப்பீர்! ஏரி கெட்டபின் ஊருண்டோ? ஊர் கெட்டபின் மொழியுண்டோ?