தெப்பக்குளத்துக்கு நாலடி மண்

ஊர்ப் பெரியவர்களுக்கும், பங்காளிகளுக்கும், மாமன் மச்சான்மார்களுக்கும், கோயில் கமிட்டித் தம்பிகளுக்கும் மெல்போர்னிலிருந்து வணக்கமுங்க.

பொங்கல் நோம்பிக்கு வந்தவன் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசாமல் கிளம்பிவிட்டான் என்று டீக்கடையில் பேச்சு அடிபடுவதாகக் கேள்வி. நிசந்தான். வாயைத் திறந்தால் சண்டையில் முடியும் என்று பேசாமல் விமானம் ஏறிவிட்டேன். எனக்கு ஊர்மேல் வேறெந்தக் கோபமும் கிடையாது. பிள்ளையார் கோயில் வாசலில் பதித்து வைத்திருக்கிறீர்களே பேவர் பிளாக், அதுதான்.

சிரிக்காதீர்கள். தோட்டத்தில் கட்டுத்தரை உள்ளவர்கள் அவரவர் பட்டியில் மாடு மிதிக்கத் தெப்பக்குளம் வெட்டிக்கொள்வார்கள். ஊருக்குள் ஒரு மாடு, ரெண்டு மாடு வைத்திருப்பவர்களுக்கு அந்த வாசல்தானே பட்டி? மாட்டுப் பொங்கலன்று மத்தியானமே மண்வெட்டியோடு ஆள் வந்து நிற்கும். சதுரமாகத் தோண்டி, சாணியும் செம்மண்ணும் குழைத்துக் கரை கட்டி, கரையெல்லாம் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் செருகி, மஞ்சள் தண்ணீரும் பாலும் ஊற்றி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

இந்தத் தடவை? கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற நீல பிளாஸ்டிக் டப் ஒன்றைக் கொண்டுவந்து நடுவாசலில் வைத்தீர்கள். அதில் ரெண்டு பாக்கெட் பாலை ஊற்றி, நாலு ஆவாரம்பூவை மிதக்கவிட்டு, கன்றைப் பிடித்து இழுத்தீர்கள். அது முன்னங்காலை வைத்ததும் டப் கவிழ்ந்தது. ஈரக் கல்லில் குளம்பு வழுக்கி, கன்று முட்டி போட்டு விழுந்தது. வீடியோ எடுத்தார்கள், கை தட்டினார்கள். தெப்பக்குளம் மிதித்தாயிற்று என்று மைக்கில் அறிவிப்பு வேறு.

காணும் பொங்கலுக்குப் பூப்பறிக்கப் போன பிள்ளைகள் திரும்பி வந்து கும்மியடிப்பதும் அந்த வாசலில்தான். வெயிலில் அந்தக் கல் தோசைக்கல்லாகக் காய்கிறது, வெறுங்காலில் யார் நிற்பது? செருப்போடு நாலு சுற்று சுற்றிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். உடனே டிஜே பெட்டி வந்துவிட்டது. வேப்பமரத்துத் தூர்வரைக்கும் கல்லை நெருக்கிப் பதித்ததில், மழைத்தண்ணீர் இறங்க வழியில்லாமல் மரத்தின் உச்சிக்கிளை காய்கிறது. விட்டால் தேங்காய் விலை இறங்கினாலும் அதற்கும் பேவர் பிளாக்தான் காரணம் என்பேன். அவ்வளவு எரிச்சல்.

கல் மட்டுமா, நோம்பியே மாறிவிட்டது. 2017 ஜனவரியில் மெரினாவில் கூட்டம் கூடியபோது நாங்களும் இங்கே ஜல்லிக்கட்டுக்காகப் பதாகை பிடித்து நின்றோம். நின்றது சரிதான். ஆனால் ஜல்லிக்கட்டுக்குப் பேர்போனது மதுரைப் பக்கம். உடுமலைப் பக்கம் நமக்கு ரேக்ளா, நமக்குச் சலகெருது. மாட்டுப் பொங்கலன்று பிறந்த கன்றை ஆல்கொண்டமாலுக்கு நேர்ந்துவிட்டு, உறுமிச் சத்தத்துக்கு ஆடப் பழக்கி, சலங்கை கட்டிச் சோமவாரப்பட்டிக் கோயிலுக்கு ஓட்டிப் போகிற வழக்கம் வேறெந்தச் சீமையில் இருக்கிறது? டிவிக்காரர்களுக்குப் பொங்கல் என்றால் கரும்பு, மண்பானை, பட்டுப்பாவாடை, வாடிவாசல். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நாமும் அதைப் பார்த்துப் பார்த்து நோம்பியை அதேமாதிரி செய்யப் பழகிவிட்டோம்.

இங்கே மெல்போர்னில் தை பிறப்பது நடுக்கோடையில். தீத்தடை நாள் என்று அறிவித்துவிட்டால் வெளியில் விறகடுப்பு மூட்டக்கூடாது. காப்புக் கட்டப் பூளைப்பூவைச் சொல்லாமல் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே பிடுங்கிக் குப்பையில் போட்டு அபராதமும் தீட்டுவார்கள். அப்படியிருந்தும் திருநெல்வேலிக்கார நண்பர் ஒருவர் தன் மகளுக்காகப் பின்கட்டில் மண் குழைத்துச் சிறுவீடு கட்டி, அவர்கள் ஊர் வழக்கப்படி சிறுவீட்டுப் பொங்கல் வைக்கிறார். அவர் செய்கிறபோது உடுமலைக்காரன் சும்மா இருக்கலாமா? நானும் போன வருசம் புல்லைச் செதுக்கித் தெப்பக்குளம் வெட்டினேன். மிதிக்க மாடு ஏது? என் சின்ன மகள்தான் குதித்தாள். கடன் இருந்தாலும் சொந்த வீடு, சொந்த மண். தோண்டாதே என்று சொல்ல ஆளில்லை.

“மாட்டை வித்துப்போட்டு ஏரோப்பிளேன் ஏறினவனெல்லாம் தெப்பக்குளத்தைப் பத்திப் பேசறான் பாரு” என்று மாமா ஒருத்தர் என் காதுபடவே சொன்னார். சொல்லட்டும், அவருக்கு அந்தப் பாத்தியதை உண்டு. எங்கள் அப்பா கடைசி ஜோடிக் காங்கேயம் மாடுகளைக் கண்ணபுரம் சந்தைக்கு ஓட்டிப்போன அன்று கயிறு பிடிக்கக்கூட நான் ஊரில் இல்லை. தண்ணீர் காட்ட, தீவனம் போட வீட்டில் ஆளில்லாமல்தான் விற்றார். என்னைப்போல ஊரில் பாதிப்பேர் கிளம்பிப் போனபிறகு, மிச்சமிருக்கிற மூன்று நாலு மாட்டுக்காக வாசலை மண்ணாகவே விட்டுவைக்கணுமா என்று நீங்கள் கேட்டால் எனக்குப் பதில் வரவில்லை. ஐப்பசி மழையில் அந்த வாசல் சேறாகி, சின்ன ஆத்தா வழுக்கி விழுந்து இடுப்பொடிந்ததும் தெரியும். அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினது நீங்கள். நான் போனில் விசாரித்தேன்.

அதனால் கல்லைப் பூராவும் பெயர்க்கச் சொல்லவில்லை. வேப்பமரத்து ஓரமாக நாலடிக்கு நாலடி மட்டும் எடுத்துவிடுங்கள். மணல் பரப்பிக் கோத்து வைத்த கல்தான், காரை பூசவில்லை. விளிம்பில் ஒரு கல்லைக் கடப்பாரையால் நெம்பினால் மற்றதெல்லாம் கையோடு வரும். மரத்துக்கும் தண்ணீர் இறங்கும். எடுத்த கல்லை வீணாக்காமல் அங்கன்வாடி வாசப்படிக்குப் போடுங்கள், அங்கேதான் குழி. கூலியும் செம்மண் லோடும் என் செலவு. கல்வெட்டெல்லாம் வேண்டாம்.

கமிட்டித் தம்பிகளுக்கு மட்டும் ஒன்று: இதை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதும் வழக்கம்போலக் கைகூப்புகிற படத்தைப் போட்டு நழுவாதீர்கள். எடுக்கிறோம், எடுக்கமாட்டோம், ரெண்டில் ஒன்று சொல்லுங்கள். மாட்டோம் என்றால் சித்திரையில் நேரில் வந்து சண்டை போடுகிறேன்.

இப்படிக்கு,
மேற்குத் தோட்டத்து வீட்டுப் பையன்