முதுகெலும்பு முறிந்த ஜீப்

டெலானிபூர் அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நமக்கு ஒரு வினா விடுத்திருந்தார். அவருடைய பழைய ஜீப்பின் அடிச்சட்டம் துருவேறி, ஸ்டீயரிங் பெட்டி பொருந்தும் இடத்தருகே விரிசல் கண்டுவிட்டதாம். எஞ்சின் நன்றாக ஓடுகிறதாம். ‘சட்டத்தை வாங்கி வீட்டு முற்றத்திலேயே நாங்கள் மாற்றிக்கொள்ளலாகாதா?’ என்பது அவர் கேள்வி.

வினா ஒருவருடையதாயினும் கவலை பலருடையது. நம் தீவுகளில் ஜீப் ஓர் ஆடம்பரப் பொருள் அன்று. காய்கறி மூட்டையும் மீன் கூடையும் பள்ளிப் பிள்ளைகளும் அதில்தான் ஏறுகின்றனர். மேடும் பள்ளமுமாகிய நம் தெருக்களில் அது நின்றுவிட்டால் ஒரு குடும்பத்தின் வருவாயே நின்றுவிடும். ஆகவே இத்திங்கள் இப்பொருளையே எடுத்துக்கொண்டோம்.

பட்டறைக்காரர் ‘சேஸிஸ்’ என்று வழங்கும் அடிச்சட்டம் ஓர் ஏணியைப் போன்றது. நீளவாக்கில் இரண்டு எஃகு விட்டங்கள். அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள் சில. எஞ்சின், கியர் பெட்டி, ஸ்பிரிங் பட்டைகள், ஸ்டீயரிங், மேலே அமரும் உடற்கூடு ஆகிய யாவும் இவ்வேணியைப் பற்றியே நிற்கின்றன. இக்காலத்துக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இத்தகைய தனிச்சட்டம் கிடையாது. உடற்கூடே சுமையைத் தாங்கும். ஜீப்பில் உடல் வேறு, சட்டம் வேறு. இதனாலேயே சட்டத்தை மட்டும் மாற்றுதல் என்னும் பேச்சுக்கு இடமுண்டாகிறது.

ஜீப் போர்க்காலத்தில் பிறந்தது. அமெரிக்கப் படைக்காக வில்லிஸ் நிறுவனம் 1941-ஆம் ஆண்டு முதல் செய்த ஜீப்பின் முன் பின் அச்சுகளுக்கு இடையே இருந்த தூரம் 80 அங்குலம். அவ்வண்டியை 1940-களின் இறுதியில் நம் நாட்டில் பூட்டி விற்கத் தொடங்கியது மகிந்திரா நிறுவனம். 1945-இல் அது தோன்றியபோது அதன் பெயர் மகிந்திரா அண்டு முகம்மது. பங்காளியான குலாம் முகம்மது பாக்கிஸ்தானின் முதல் நிதி அமைச்சராகச் சென்றார். 1948-இல் நிறுவனத்தின் பெயரும் மாறியது. பங்காளிகள் பிரிந்தனர், ஏணிச் சட்டம் மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வந்தது. எனினும் எல்லா ஜீப்புக்கும் ஒரே சட்டம் என்று எண்ணிவிடலாகாது. பழைய சி.ஜே.3பி வண்டியின் அச்சிடைத் தூரம் அந்த 80 அங்குலமே; பின்வந்த எம்.எம்.540 வண்டிக்கோ அது 91 அங்குலம். ஒன்றின் சட்டம் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

துரு ஏன் இங்கு இத்துணை விரைவாகப் பற்றுகிறது? நம் நகரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப்போல் இருமடங்குக்கும் மேல். தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் மாறி மாறி வருவதால் ஆண்டின் பெரும்பகுதியில் ஈரம் உலர்வதற்கு நாள் கிடைப்பதில்லை. அத்துடன் கடற்காற்று கொணரும் உப்பு. உப்பு தானே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் இயல்புடையது. இரும்பு துருவாகும் வினையையும் அது விரைவுபடுத்துகிறது. சட்டத்தின் உட்புறத்தில் சேறு அடைந்துவிட்டால், மேலே வண்ணம் மினுங்க, உள்ளே எஃகு இலையாய் மெலிந்துபோகும். 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையின்போது கடல்நீரில் மூழ்கிய வண்டிகளுக்கு நேர்ந்ததும் இதுவே. வெளிப்புறம் கழுவப்பட்டது, உள்ளறைகளில் உப்பு தங்கிவிட்டது.

ஆதலால் முதற்பணி நோயை அறிதல். ஒரு சிறு சுத்தியலால் சட்டத்தை நெடுகத் தட்டிப் பாருங்கள். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். துரு தின்றது மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தைக் கூரிய ஊசியால் குத்துங்கள். ஊசி உள்ளே இறங்குமாயின் வேறு சான்று வேண்டுவதில்லை. ஸ்பிரிங் பட்டையின் தாங்கிகள், ஸ்டீயரிங் பெட்டியின் இருப்பிடம், எஞ்சின் தாங்கிகள் ஆகிய மூன்றையும் தவறாது நோக்குக. ஓடும் வண்டியைப் பின்னிருந்து ஒருவர் பார்க்கட்டும். பின் சக்கரங்கள் முன் சக்கரங்களின் தடத்தை விட்டு ஒருபுறம் ஒதுங்கி, வண்டி நாய் ஓடுவதுபோல் சாய்ந்து ஓடுமாயின் சட்டம் முறுக்குண்டிருக்கக்கூடும்.

விரிசல் ஓரிடத்தில் மட்டும் இருந்து, சுற்றிலும் எஃகு தடிப்பாக இருப்பின், தேர்ந்த வெல்டர் அதனைச் சரிசெய்வார். விரிசலின் முனையில் துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, பற்றவைத்து, மேலே ஒரு துணைத்தகடு வைப்பது முறை. அத்தகட்டின் விளிம்பு விட்டத்துக்குக் குறுக்கே நேர்க்கோடாய் முடியலாகாது. முடிந்தால் அவ்விளிம்பிலேயே மறு விரிசல் பிறக்கும். ஆகவேதான் தகட்டைச் சாய்சதுரமாக வெட்டுகின்றனர். துரு பரவி எஃகே மெலிந்துவிட்டால் ஒட்டுப் போடுதல் வீண். நைந்த துணியில் புதுத்துணி தைத்தால் தையலைச் சுற்றியே கிழியும் என்பதை நம் இல்லத்தரசியர் அறிவர்.

மாற்றத்தான் வேண்டும் என முடிவானால், ஸ்பானரைத் தொடுமுன் ஆர்.சி. புத்தகத்தைத் தொடுங்கள். இதனை நாம் அழுத்திக் கூறுவதற்குக் காரணமுண்டு. சட்டத்தின்மேல் பொறித்துள்ள எண்ணே வண்டியின் பெயர். அவ்வெண்ணே பதிவேட்டிலும் காப்பீட்டுப் பத்திரத்திலும் உள்ளது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆம் பிரிவில், பதிவில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றினின்று வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. எனவே பதிவு அலுவலகத்துக்கு முதலில் எழுத்து மூலம் விண்ணப்பித்து, அனுமதி கிடைத்தபின் வேலையைத் தொடங்குக. காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். பின்னர்ப் புதுப்பிக்கையில் வண்டியைக் கொண்டுசென்று காட்டவேண்டும். அன்று எண் பொருந்தாவிடில், உழைத்துக் கட்டிய வண்டி சொந்தக்காரர் அற்ற பொருளாய் நிற்கும்.

பழைய சட்டத்தின் எண் பொறித்த துண்டை அறுத்துப் புதியதில் ஒட்டிவிடலாம் என்று யோசனை கூறுவார் சிலர் உளர். அது பழுதுபார்த்தல் அன்று, பொய்ம்முகம் சூட்டுதல். களவு வண்டிகளுக்குச் செய்யப்படும் வேலை அதுவே. ஆதலின் செய்தவர் நல்லவராயினும் ஐயம் அவரையே சூழும். பழைய சட்டத்தை என் செய்வது என்பதையும் அலுவலகத்தினரிடமே கேட்டு, அவர் கூறியபடி செய்க.

சட்டத்தை எங்கே வாங்குவது? சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரிப்பாகங்கள் குவிந்துள்ளன. பஞ்சாபு எல்லையிலுள்ள மண்டி டப்வாலி பழைய ஜீப்புகளைக் கட்டுவதில் பெயர்பெற்றது. எங்கு வாங்கினும் ரசீது இன்றி வாங்கற்க. எவ்வண்டியினின்று எடுக்கப்பட்டது என்பதற்குத் தாள் இல்லாத சட்டம் மலிவாகக் கிடைப்பின், அம்மலிவே எச்சரிக்கை. மேலும், நமக்கும் சென்னைக்கும் இடையே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடல் உள்ளது. அளவு தவறிய சட்டத்தைத் திருப்பி அனுப்புதல் எளிதன்று. விற்பவரை அளவுகோல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கப்பற்கூலியையும் சேர்த்துக் கணக்கிட்டு, மொத்தம் வண்டியின் விலையை எட்டுமாயின் வேறு வண்டி தேடுவதே அறிவுடைமை.

இனி வேலை. டெலானிபூரில் வீடுகள் பல சரிவில் அமைந்தவை. சரிவில் இவ்வேலையைச் செய்யவே கூடாது. சமதளமும் கெட்டித் தரையும் வேண்டும். முதலில் பாட்டரியைக் கழற்றுக. அடுத்து எரிபொருள் தொட்டியை வடித்து அகற்றித் தொலைவில் வைக்க. ஜாக்கி தூக்குவதற்கே உரியது, தாங்குவதற்கு உரியதன்று. தூக்கியபின் இரும்புத் தாங்கிகள்மேல் வண்டியை அமர்த்தாமல் எவரும் கீழே புகலாகாது. உள்ளீடற்ற சிமெண்டுக் கல் பார்வைக்கு உறுதியாய் இருப்பினும் பாரத்தில் திடீரென்று நொறுங்கும். எஞ்சினைத் தூக்கும் சங்கிலிக் கப்பியை வீட்டுக் கூரை உத்தரத்தில் மாட்டலாகாது. அதற்கென அமைந்த முக்காலி வாடகைக்குப் பெறுக. பிள்ளைகள் வேடிக்கை பார்க்கட்டும். கயிறு கட்டி, அதற்கு அப்பால் நின்று பார்க்கட்டும்.

கழற்றுமுன் ஒவ்வொரு பகுதியையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்க. போல்ட்டுகளை வெவ்வேறு டப்பாக்களிலிட்டுச் சீட்டு ஒட்டுக. துருவேறிய போல்ட்டுகளுக்கு முந்தின நாளே எண்ணெய் விடுக. வயர், பிரேக் குழாய், ஸ்டீயரிங் தண்டு, கியர்க் கம்பி யாவும் விடுபட்டன என்று இருவர் சரிபார்த்த பின்னரே உடற்கூட்டைத் தூக்குக. எஞ்சியிருக்கும் ஒரே வயர் கூட வேலையைக் கெடுத்துவிடும். சிறிய ஜீப்பின் உடலை அக்கம்பக்கத்தார் சிலர் கூடினால் தூக்கி மரக்கட்டைகள்மேல் வைத்துவிடலாம். நம் மக்களிடம் இவ்வுதவிக்குக் குறைவில்லை.

புதுச் சட்டம் என்பதாலேயே அது நேரானது என்று நம்பிவிடலாகாது. தாங்கிகள்மேல் ரசமட்டம் வைத்துச் சமன் செய்து, இரு விட்டங்களிலும் ஒத்த புள்ளிகளினின்று தூக்குக்குண்டை இறக்கித் தரையில் குறியிடுக. பின் மூலைக்கு மூலை நூல் பிடித்து இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் சட்டம் கோணவில்லை. வீடு கட்டும் கொத்தனார் மனைமுறை சரிபார்ப்பதும் இம்முறையிலேதான். வேறுபாடு கையேட்டில் குறித்த எல்லையைத் தாண்டினால் பூட்டுவதை நிறுத்தி, பட்டறையில் நேர்செய்து வருக. கோணிய சட்டத்தில் பூட்டிய வண்டி டயரைத் தின்னும். பிரேக் பிடிக்கையில் ஒருபுறம் இழுக்கும்.

வண்ணம் பூசும் காலமும் இதுவே. பூட்டிய பின் எட்டாத இடங்கள் யாவும் இப்போது கைக்கு எட்டுகின்றன. துருவைச் சுரண்டி, நன்னீரால் கழுவி, முற்றும் உலர்த்தி, ரெட் ஆக்ஸைடு பூசி, அதன்மேல் வண்ணம் இடுக. பெட்டிபோல் மூடிய பகுதிகளின் உட்புறத்தில் துருத்தடுப்பு மெழுகை அடிக்க. நீர் வடியும் துளைகளை வண்ணத்தால் அடைத்துவிடற்க. அவை அடைபட்டால் சட்டமே தொட்டியாகிவிடும்.

பூட்டும்போது பழைய பிரேக் குழாயும் ஸ்பிரிங்கைப் பிணைக்கும் யு-போல்ட்டும் மறுமுறை வேண்டாம், புதியவை இடுக. ரப்பர் புஷ் உள்ள ஷேக்கிள் போல்ட்டுகளை, வண்டி தன் பாரத்தோடு தரையில் நின்ற பின்னரே முற்ற முடுக்கவேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்குண்டு விரைவில் கிழியும். பிரேக்கில் காற்றைப் போக்கி, சமதளத்தில் மெல்ல ஓட்டி, போல்ட்டு அனைத்தையும் மறுபடி சோதித்த பின் சக்கர நேர்மையைப் பட்டறையில் பார்த்துக்கொள்க. பதிவு அலுவலகத்தார் பார்வையிட்டுப் புத்தகத்தில் குறித்த பின்னரே வண்டி சாலைக்கு வரட்டும்.

அன்பர் வினாவுக்கு நம் விடை இதுதான்: கழற்றுதலும் துடைத்தலும் அளத்தலும் வண்ணம் பூசுதலும் பூட்டுதலும், பொறுமையும் துணையும் உள்ள வீட்டில் நடைபெறக்கூடியவையே. சட்டத்தில் வெல்டிங் செய்தலும் கோணலை நேர்செய்தலும் தொழில் தெரிந்தவருக்கே உரியவை. எண்ணைப் பற்றிய முடிவோ அரசுக்கே உரியது. மூன்றையும் தனித்தனியே வைப்பவர் பணத்தை மிச்சப்படுத்துவார். மூன்றையும் தாமே செய்ய முனைபவர், இறக்கத்தில் ஸ்டீயரிங் கழன்ற நாளில், அந்த மிச்சத்தால் எதையும் திரும்பப் பெற இயலாது.

சட்டம் நல்ல நிலையிலுள்ளவர்க்கு ஒரு சொல். கடற்கரை சென்று வந்த நாளில் ஒரு குழாய் நன்னீரை வண்டியின் அடியில் பாய்ச்சுங்கள். மழை முடிந்ததும் உள்ளடைந்த சேற்றைக் கழுவி, வடிதுளைகளைக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். கால்மணி நேர வேலைதான். பிள்ளைகளும் மகிழ்ந்து செய்வர்.